இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்த்தீர்களா?

நெஞ்சுவலி என்று ஒருவர் வந்ததும் நாங்கள் முதலில் எடுப்பது இ.சி.ஜி.; முதலில் நினைப்பது மாரடைப்பு. வருபவர்களில் பெருந்தமனிக் கிழிவை விட மாரடைப்பே பல மடங்கு அதிகம் என்பதால் அதில் தவறில்லை. ஆனால் அதே வலியும் அதே வியர்வையுமாக எப்போதாவது ஒருவர் பெருந்தமனி கிழிந்த நிலையிலும் வருகிறார். மாரடைப்புக்காரரைக் காப்பாற்றும் ரத்தக்கட்டிக் கரைப்பு ஊசியே அவருக்கு எமனாகிவிடலாம். சேலத்தில் அவசரப் பிரிவில் பணியாற்றும் மருத்துவன் என்ற முறையில், இவரை எப்படிப் பிரித்தறிவது என்பதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் உட்படலம் கிழிந்து, ரத்தம் அதன் சுவர் அடுக்குகளுக்கு இடையே புகுந்து, தனியாக ஒரு பொய்ப்பாதையை உண்டாக்குவதே இந்நோய். கிழிவு இதயத்தை ஒட்டிய ஏறுபகுதியில் இருந்தால் உடனடி அறுவை சிகிச்சை தேவை. அது இல்லாமல் கழியும் ஒவ்வொரு மணி நேரத்திலும் நூற்றில் ஒன்றிரண்டு பேர் இறப்பார்கள் என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. அண்மைக் கணக்குகள் இதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டினாலும் அவசரம் குறையவில்லை. கிழிவு வலப்புற இதயத்தமனியின் வாயை அடைத்துவிட்டால் இ.சி.ஜி.யும் அசல் மாரடைப்பாகவே தெரியும் என்பதுதான் இதிலுள்ள பெரிய பொறி.

அப்படியானால் நெஞ்சுவலி என்று வரும் எல்லோருக்கும் சி.டி. ஆஞ்சியோ (சாயம் செலுத்தி ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஸ்கேன்) எடுத்துவிடலாமே என்று இளம் மருத்துவர்கள் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்நோய் லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கே வருவது. அந்தச் சிலருக்காக எல்லோரையும் கதிர்வீச்சுக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய சாய மருந்துக்கும் உட்படுத்துவதும், உண்மையான மாரடைப்புக்காரரை ஸ்கேன் அறை வாசலில் காக்கவைப்பதும் நியாயமாகாது. யாருக்குத் தேவையில்லை என்பதை நம்பிக்கையோடு சொல்லத் தெரிவதும் மருத்துவமே.

அதற்கு ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. பன்னிரண்டு அறிகுறிகளை அது மூன்று தொகுதிகளாகப் பிரிக்கிறது. மார்ஃபான் நோய் (உடலின் இணைப்புத் திசுவைப் பலவீனமாக்கும் மரபுக் கோளாறு), குடும்பத்தில் பெருந்தமனி நோய், ஏற்கெனவே அறியப்பட்ட வால்வுக் கோளாறு அல்லது தமனி வீக்கம் போன்றவை முதல் தொகுதி. திடீரென்று தொடங்கிய, கடுமையான, கிழிப்பது போன்ற வலி இரண்டாவது. நாடித்துடிப்பு குறைதல், இரு கைகளின் அழுத்தத்தில் வேறுபாடு, வலியோடு சேர்ந்து வரும் பக்கவாதக் குறி, புதிதாகக் கேட்கும் வால்வுக் கசிவு ஒலி, ரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை மூன்றாவது. ஒரு தொகுதியில் எத்தனை இருந்தாலும் ஒரு மதிப்பெண்தான். இரண்டு அல்லது மூன்று வந்தால் நேராக ஸ்கேன். பூச்சியமோ ஒன்றோ வந்தால், கொரோனா காலத்தில் நம் ஊர் லேப்களில் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட அதே டி-டைமர் பரிசோதனை, அதாவது ரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் துணுக்குகளை ரத்தத்தில் அளக்கும் சோதனை, உதவுகிறது. 2018-இல் வெளியான, நான்கு நாடுகளில் 1,850 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மதிப்பெண் ஒன்றுக்கு மிகாமலும் டி-டைமர் மில்லிலிட்டருக்கு 500 நானோகிராமுக்குக் கீழும் இருந்த 924 பேரில் மூவருக்கு மட்டுமே நோய் தப்பியிருந்தது. அந்த நான்கில் இந்தியா இல்லை என்பதால் அப்படியே நகலெடுக்கத் தயங்குகிறேன். ஆனாலும் ஊகத்தை நம்புவதை விட இது எவ்வளவோ மேல். டி-டைமர் கூடியிருப்பது மட்டும் எதையும் உறுதிசெய்யாது. முதுமை, தொற்று, கர்ப்பம் எதிலும் அது கூடும். அதனால் சந்தேகமே இல்லாதவருக்கு அதை எடுத்து, பிறகு அந்த எண்ணுக்குப் பயந்து ஸ்கேனுக்கு ஓடுவது வீண்வேலை.

எக்ஸ்ரே இயல்பாக இருக்கிறது என்று நிம்மதி கொள்ளவும் கூடாது. 2000-இல் வெளியான, 464 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டுப் பதிவேட்டு ஆய்வில், ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு எக்ஸ்ரேயில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அதே ஆய்வில் கிழிப்பது போன்ற வலி என்று சொன்னவர்கள் பாதிப்பேர்தான். ஆனால் திடீரென்று தொடங்கியது என்றவர்கள் சுமார் 85 விழுக்காடு. எனவே எப்படி வலிக்கிறது என்று கேட்பதை விட, தொடங்கியபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்பதே எனக்குப் பயன்படுகிறது. காபித் தோட்டத்தில் கூடையைத் தூக்கிய அந்த நொடியில் என்று ஒருவர் சொன்னால், எனக்கு இன்னொரு கையிலும் பட்டையைக் கட்டத் தோன்றும்.

ஏற்காட்டையோ அதைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களையோ நினைத்துப் பாருங்கள். அங்கே எல்லா நேரமும் டி-டைமரை எதிர்பார்க்க முடியாது, சி.டி.க்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வந்தாக வேண்டும். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று தோன்றினால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் கொடுக்கப்படுவது நல்ல ஏற்பாடு. அதை நிறுத்தச் சொல்பவன் அல்லன் நான். மாத்திரையைக் கையில் கொடுப்பதற்கு முன், திடீரென்று வந்ததா, முதுகுக்குப் பரவுகிறதா, வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்ததா என்று கேட்டு, இரண்டு கைகளிலும் அழுத்தம் பார்க்கட்டும் என்பதே என் கோரிக்கை. ட்ரிப் ஏறாத கையில் மட்டும் பார்த்துவிட்டு நகர்வது நம் எல்லோருக்கும் பழக்கம். இருபது மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் பெரிய மருத்துவமனையோடு தொலைபேசியில் பேசிவிட்டுத் தொடரலாம். வேறுபாடு இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நாடித்துடிப்பு சமமாகவே இருக்கும்.

பரிந்துரைச் சீட்டில் இரு கைகளின் அழுத்தம், வலி தொடங்கிய நேரம், கொடுத்த மாத்திரைகள் இம்மூன்றும் எழுதப்பட்டு, அந்தச் சீட்டின் படம் வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே வந்துவிட்டால், 108 மலையிறங்கி அடிவாரம் தொடுவதற்குள் நாங்கள் சி.டி. அறையைக் காலியாக வைத்திருக்க முடியும்.