முட்டைக்கு ஓர் இடமில்லை

கடலோர ஊரான மண்டபத்தில், எங்கள் வீட்டில் எந்த முட்டையும் ஓரிடத்தில் நிம்மதியாக இருந்ததில்லை. நான் வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைப்பேன். அம்மா எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிடுவார். "கோழி என்ன ஐஸ்லயா முட்டை போடுது?" சாயங்காலம் மனைவி அதை மறுபடி ஃபிரிட்ஜ் கதவில் அடுக்குவாள். வெளியே எடுத்த ஐந்தாவது நிமிடம், கடல்காற்றின் ஈரத்தில் ஓடெல்லாம் முத்து முத்தாக வியர்த்து நிற்கும். அந்த ஈரம்தான் வம்பு. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. கிருமி உள்ளே போக அதுவே வழி.

அமெரிக்காவில் முட்டையைக் கழுவித்தான் விற்கிறார்கள். கழுவினால் அந்தத் துளைகளை மூடியிருக்கும் மேல்பூச்சு போய்விடும், அதனால் அங்கே ஃபிரிட்ஜ் கட்டாயம். ஐரோப்பாவில் பெரும்பாலும் கழுவுவதில்லை, கடையில் வெளியேதான் வைக்கிறார்கள். சரி, நாமக்கல்லிலிருந்து லாரியேறி வந்து, அண்ணாச்சி கடை வாசலில் அட்டையோடு வெந்துகொண்டிருக்கும் முட்டைக்கு எந்த நாட்டு வழக்கம்?

நம்மூர் வெக்கைக்கு உள்ளே வைப்பதுதான் நல்லது என்பது என் கட்சி. ஆனால் வைத்தால் வைத்ததுதான், உள்ளே வெளியே என்று இழுக்கக் கூடாது. கதவிலும் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடு படும். உள்தட்டில் வைக்கலாமென்றால் அங்கே நேற்று வாங்கிய கணவாய். மூடாமல் வைத்தால் ஆம்லெட்டில் கவிச்சி அடிக்கும். டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். இன்று காலை திறந்தால் டப்பாவில் இட்லி மாவு. முட்டை? அரிசிப் பானையில்.