கடிதத்தில் வராத ஒன்பது வருடங்கள்

இலங்கையின் மலையகத்தில், அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் என் தம்பி 11 வருடங்கள் லொறி எஞ்சின் வேலை செய்தான். அவுஸ்திரேலியாவுக்குத் தொழில்திறன் விசாவில் போக முடியுமா என்று பார்க்கத் தொடங்கியபோது, முதலாளியிடம் ஒரு சேவைக் கடிதம் கேட்டான். இரண்டு வாரம் அலைந்த பிறகு கிடைத்த கடிதத்தில், அவன் அங்கே 2 வருடங்கள் வேலை செய்ததாகவும், ஒழுக்கமானவன், நேர்மையானவன், குடிப்பழக்கம் இல்லாதவன் என்றும் எழுதப்பட்டிருந்தது. மீதி 9 வருடங்கள் எங்கே போயின என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். விசா எடுப்பது எப்படி என்று சொல்லித் தர முகநூலில் ஏற்கெனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் அந்த 'ஒழுக்கமானவன்' பற்றி. எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், 34 வருடங்கள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கொழுந்து அரைக்கும் ரோளர் நின்றுபோனால் நள்ளிரவிலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஆள் அனுப்பி அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் ஓய்வு பெற்றபோது தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கொடுத்த கடிதம் இன்னும் பிஸ்கட் டின்னுக்குள் பொலித்தீன் உறையில் இருக்கிறது. அதிலும் நேர்மை, கடின உழைப்பு, நன்னடத்தை எல்லாம் உண்டு. ரோளர் மட்டும் இல்லை. பதவி என்ற இடத்தில் 'தொழிலாளி' என்றுதான் இருக்கிறது. ஒரு நாள் உழைப்பையே 'பேர்' என்று எண்ணும் எங்களுக்கு, செய்த வேலையின் பெயர் மட்டும் ஒரு கடதாசியிலும் ஏறவில்லை. அப்பாவின் கடிதத்தையும் தம்பியின் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே ஆள் எழுதியது போலத் தோன்றும்.

தொழில்திறனை மதிப்பிடும் நிறுவனங்களுக்கு நன்னடத்தைக் கடிதத்தால் பயன் இல்லை. அவுஸ்திரேலியாவில் மெக்கானிக் போன்ற தொழில்களை மதிப்பிடும் டி.ஆர்.ஏ. நிறுவனமாக இருந்தாலும் வேறு நிறுவனமாக இருந்தாலும், கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், என்ன பதவியில், அன்றாடம் என்னென்ன வேலை, கையொப்பமிட்டவரை எந்தத் தொலைபேசி எண்ணில் விசாரிக்கலாம். இவற்றோடு அந்த வேலைக்குச் சம்பளம் வாங்கியதற்கான அத்தாட்சியும் வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குக் கூற்று, வரி அல்லது சேமலாப நிதிப் பதிவு என்று, முதலாளியின் வாய்ச்சொல்லுக்கு வெளியே ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

தம்பியின் சிக்கல் அந்த இடத்தில்தான் தொடங்கியது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும், முதலாளி தன் பங்காக 12 வீதமும் மாதாமாதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னொரு 3 வீதம் கட்ட வேண்டும். ஒரே ஒரு ஆள் வேலை செய்யும் கடைக்கும் இது பொருந்தும். தம்பியின் முதலாளி கடைசி 2 வருடங்களுக்குத்தான் கட்டியிருந்தார், அதுவும் வங்கிக் கடன் ஒன்றுக்காகக் கணக்குக் காட்ட வேண்டி வந்தபோது. 11 வருடம் என்று கையொப்பமிட்டால், கட்டாமல் விட்ட 9 வருட நிலுவையைத் தானே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். தொழில் திணைக்களம் விசாரித்தால் தண்டப்பணமும் சேரும். ஆகவே அவர் வருடங்களைக் குறைத்தார். பொல்லாத மனிதர் அல்ல. எங்கள் அம்மாவின் சத்திரசிகிச்சைக்குக் கேட்காமலே காசு கொண்டுவந்து கொடுத்தவர். அதனால்தான் தம்பியும் இத்தனை வருடம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த 9 வருடங்களின் விலை இதுதான். தொழில்திறன் விசாவுக்கான அவுஸ்திரேலியாவின் புள்ளி முறைமையில் குறைந்தது 65 புள்ளிகள் வேண்டும். வெளிநாட்டில் செய்த வேலை அனுபவம் கடந்த 10 வருடங்களுக்குள் 8 வருடங்களோ அதற்கு மேலோ இருந்தால் 15 புள்ளிகள், 5 வருடங்களுக்கு 10, மூன்று வருடங்களுக்கு 5, அதற்குக் குறைந்தால் ஒன்றுமே இல்லை. தம்பிக்குக் கிடைக்க வேண்டிய 15, அந்தக் கடிதத்தில் பூச்சியமானது. வயதுக்கும் ஆங்கிலத்துக்கும் அவன் எவ்வளவு எடுத்தாலும் இந்தக் குழியை நிரப்புவது கடினம்.

இந்தக் கவலையில் இருந்தபோதுதான் ஒரு தரகர் வந்தார். வேறு ஒரு கராஜின் தலைப்புத் தாளில் 11 வருடத்துக்கும் கடிதம் செய்து தருவதாகவும், தொலைபேசியில் விசாரித்தால் பதில் சொல்ல ஆள் வைத்திருப்பதாகவும் சொன்னார். தம்பி உண்மையாகவே செய்த வேலைக்குப் பொய்க் கடிதம்! எனக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது என்பதை மறைக்கவில்லை. ஆனால் போலி ஆவணம் கொடுத்தது கண்டுபிடிக்கப்பட்டு விசா மறுக்கப்பட்டால், அவுஸ்திரேலியாவில் பொதுவாக 3 வருடங்களுக்கு வேறு பல விசாக்களும் கிடைக்காது. அடையாளத்தில் மோசடி என்றால் 10 வருடங்கள். தரகருக்கு அந்த மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நட்டம் இல்லை.

பிறகு தம்பி போனது என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமைத் தேர்வுக்கு. பயிற்சி நிலையத்தில் படிக்காமல் வேலையில் பழகியவர்களும், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் செய்முறைப் பரீட்சைக்குத் தோற்றித் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். ஏழு நிலைகளில் நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். சீராக ஓடாத டீசல் எஞ்சின் ஒன்றை அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். ஓடவிட்டபடியே ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் சற்றே தளர்த்தி, மறுபடி இறுக்கிக்கொண்டே போயிருக்கிறான். நல்ல சிலிண்டரில் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும். மூன்றாவதில் தளர்த்தியபோது சத்தம் மாறவே இல்லை. பழுது அங்கேதான் என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தானாம். நான்காம் நிலைச் சான்றிதழ் கிடைத்தது. அதிலும் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்று பிறப்புச் சான்றிதழோடு ஒத்துவராமல், சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசிக்கு ஓடினோம். மலையகத்தில் இந்த ஓட்டம் ஓடாத வீடு குறைவு.

ஆனால் அந்தச் சான்றிதழ் அவன் கையைத்தான் நிரூபிக்கிறது, வருடங்களை நிரூபிக்காது. கைக்காசாக வாங்கிய சம்பளம் வங்கியில் தடம் வைக்கவில்லை. எனக்கு ஆறாத விடயம் இன்னொன்று உண்டு. 'தொழிலாளி' என்று மட்டும் எழுதப்பட்ட அப்பாவுக்கு 34 வருடமும் மாதம் தவறாமல் சேமலாப நிதி கட்டப்பட்டிருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறித் தொழில் பழகிய மகனுக்கு அது இல்லை. தோட்டத்துக்குள் நாட்சம்பளத்துக்காகக் குரல் எழுப்ப எங்களுக்குத் தொழிற்சங்கங்கள் உண்டு. நுவரெலியா, பதுளை, கொழும்பு நகரங்களில் கராஜிலும் கடையிலும் பட்டறையிலும் நிற்கும் எங்கள் பிள்ளைகளுக்காக இதைக் கேட்க யாரும் இல்லை, பெற்றோராகிய நாமும் கேட்பதில்லை. 'முதலாளி நல்லவர், சாப்பாடும் தருகிறார்' என்பதோடு நம் விசாரிப்பு முடிந்துவிடுகிறது. நான் கேட்கச் சொல்வது இரண்டே விடயம்: முதல் மாதமே சேமலாப நிதி இலக்கம், வருடத்துக்கு ஒரு முறை செய்யும் வேலையை விவரித்து ஒரு கடிதம். பிரியும்போது கேட்டால் கிடைக்காது. பிரியும்போது யாருக்கும் யாரிடமும் மனத்தாங்கல் இருக்கும்.

தம்பி இப்போது வேறு கராஜில் இருக்கிறான். சம்பளம் வங்கிக்குப் போகிறது. ஒரு சி.ஆர். புத்தகத்தில், அதாவது கோடு போட்ட கொப்பியில், ஒவ்வொரு நாளும் லொறி இலக்கமும் செய்த வேலையும் எழுதி வைக்கிறான். அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பார்களோ தெரியாது, ஆனாலும் எழுதுகிறான். பொகவந்தலாவையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த 19 வயதுப் பையன் ஒருவன் முதல் மாதச் சம்பளத்தன்று, "முதலாளி, என் ஈ.பி.எஃப். நம்பர் என்ன?" என்று கேட்டிருக்கிறான். முதலாளி பையனுக்குப் பதில் சொல்லாமல் தம்பியைத் திரும்பிப் பார்த்தாராம். இலக்கம் மூன்றாவது மாதம் வந்தது.