நவம்பர் 1 எங்கள் நாளும்தான்

நேற்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்தது இது. நவம்பர் 1-க்குத் தமிழ்நாடு நாள் வாழ்த்துப் போட்டேன். "தமிழ்நாடு நாள் ஜூலை 18தானே, இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு தம்பி கேட்டார். பின்னாலேயே ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை.

தெரியும் தம்பி. 1967 ஜூலை 18-ல், அண்ணா முதல்வராக இருந்தபோது, சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்தப் பெயரையும் கேட்டுத்தான் சங்கரலிங்கனார் விருதுநகரில் 76 நாள் பட்டினி கிடந்து 1956 அக்டோபரில் உயிரை விட்டார். அதைக் கொண்டாடாதே என்று நான் எங்கே சொன்னேன்?

ஆனால் நான் செங்கோட்டைக்காரன். 1956 நவம்பர் 1 அன்றுதான் எங்கள் ஊர் கேரளத்துக்கு முந்தைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை விட்டுத் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. சென்னையில் இருப்பவருக்கு அது மொழிவாரியாக மாநில எல்லை திருத்திய நாள். எங்களுக்கு வந்து சேர்ந்த நாள்.

வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்து வயல் பத்திரம் இருக்கிறது. மேலே திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரை, உள்ளே முழுக்க மலையாள எழுத்து, தேதி கொல்லம் ஆண்டில். "நம்ம வயலுக்கு எல்லை எதுன்னு தெரிய, வாசிச்சுச் சொல்ல ஆளத் தேடி அலையணும்லா" என்பாள் ஆச்சி. கூப்பிடு தூரத்தில் இருக்கும் தென்காசிக்காரருக்கு அந்த அலைச்சல் இல்லை.

அரசே அறிவித்துவிட்டதே என்கிறீர்கள். 2019-ல் நவம்பர் 1-ஐக் கொண்டாடியதும் அரசுதான், 2021-ல் ஜூலை 18 என்று அறிவித்ததும் அரசுதான். விழாவை மாற்றலாம். நாங்கள் சேர்ந்த நாளை யார் மாற்ற முடியும்? கட்சி அரசியல் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போய்க் கைவிட்டுப் போன நாளாயிற்றே என்று ஒருவர் கேட்டார். நியாயம்தான், எனக்கும் வலிக்கிறது. அதற்காக, வந்தவர்களை மறந்துவிடுவதா? சும்மாவா வந்தோம்? தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிப் போராடியவர்களை 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் ஒருவர் பெயராவது நம் பாடப்புத்தகம் படித்த பிள்ளைக்குத் தெரியுமா? அந்தப் போராட்டத்தின் தலைவர் நேசமணி யார் என்று திருநெல்வேலியிலேயே கேட்டுப் பாருங்கள்.

செங்கோட்டை முகப்பு வளைவில் திருவிதாங்கூர்ச் சங்கு இன்றும் இருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகளிடம் அது என்ன என்று கேட்டேன். கோயில் சங்கு என்றார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன செய்ய? சொல்லித்தர வேண்டியவர்கள் குரூப்பில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் இரண்டு பேர் வாத்தியார்கள், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஐயா, வருஷத்தில் ஒரு நாள், காலை வழிபாட்டில் ஐந்து நிமிடம், அந்தச் சங்கு யாருடையது என்று சொல்லிக்கொடுங்கள்.