கோட்டெய்க் பாலம் அப்புறம் வரட்டும், முதலில் நம்ம வட்ட ரயில்

கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிற எங்கள் சிமுலேட்டர் கூட்டத்தில் மூன்று மாதமாக நடக்கும் பஞ்சாயத்தை இங்கே கொண்டுவந்து வைக்கிறேன். இதைப் படிக்கிற ரங்கூன்காரர்களில் பாதிப் பேராவது நம்ம வட்ட ரயிலின் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனவர்கள்தான், அதனால் உங்களுக்கும் இதில் பேச உரிமை உண்டு.

நாங்கள் பர்மாவில் ஐந்து பேர். ரங்கூனில் நானும் ஒரு தம்பியும், பெகுவில் ஒருவர், மோல்மேனில் ஒரு அண்ணன், மேமியோவில் ஒரு மச்சான். எல்லாரும் ஓப்பன் ரெயில்ஸ் ஓட்டுகிறவர்கள். காசு கிடையாது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், 2001இல் வந்த மைக்ரோசாப்ட் ட்ரெயின் சிமுலேட்டருக்கென்று செய்த ரூட்டையும் வண்டியையும் அப்படியே எடுத்துக்கொள்ளும். இத்தனை வருடமாக இங்கிலாந்தின் மலையிலும் ஜப்பானின் மலையிலும் ஓட்டியாயிற்று, நம்ம நாட்டு ரூட் ஒன்றை நாமே போடுவோம் என்று முடிவானது. எந்த ரூட் என்று கேட்டதும் ஆரம்பித்தது பஞ்சாயத்து.

மேமியோ மச்சான் வேறு பேச்சே பேச மாட்டார், கோட்டெய்க். 1900இல் முடிந்த பாலம், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் செய்த இரும்பைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து கோர்த்தது, 689 மீட்டர் நீளம், 102 மீட்டர் உயரம், பதினைந்து கோபுரக் கால்கள். "இதை விட்டுவிட்டு வேறு எதைப் போடுவீர்கள், வெளிநாட்டுக்காரன் பார்த்தால் வாயைப் பிளக்க வேண்டாமா" என்பார். பாலம் மட்டுமா, மாண்டலேயிலிருந்து ஏறும்போது வண்டி முன்னும் பின்னுமாகப் போய் மலையேறும் ஜிக்ஜாக்கும் இருக்கிறதே என்பார். நான் அந்த வண்டியில் ஒருமுறை லாஷியோ வரை போயிருக்கிறேன். பாலத்தின் மேல் வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்ந்தபோது பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஒரு பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள், எனக்கு உள்ளங்கால் கூசியது. அந்தப் பாலத்தின் மேல் எனக்கும் மதிப்பு உண்டு.

மோல்மேன் அண்ணன் கட்சி வேறு. தன்ல்வின் ஆற்றுப் பாலத்தில் ரயில் ஓடும்வரை ரங்கூனிலிருந்து வரும் ரயில் இக்கரையில் மொட்டமாவோடு நின்றுவிடும், மூட்டை முடிச்சோடு இறங்கிப் படகில் அக்கரைக்குப் போக வேண்டும். அந்தப் படகுத்துறையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற கதையை அண்ணன் எத்தனை முறை சொன்னாலும் நாங்கள் கேட்போம். "எங்க ஊருக்கு ரயில் வரவே இத்தனை வருஷம் ஆச்சு, உங்க ரூட்டிலாவது சீக்கிரம் கொண்டுவாங்கப்பா" என்றார். "உங்க பாலத்துக்கு வந்து சேர்வதற்குள் ஓட்டுகிறவன் தூங்கிவிடுவான் அண்ணே" என்று பெகுக்காரர் சொல்ல, "தூங்கினா உங்க பெகுவிலேயே தூங்குவான், அங்கதான் பார்க்க ஒன்னும் இல்ல" என்று அண்ணன் திருப்பிப் போட்டார். பெகுக்காரர் அன்றைக்கு முழுவதும் ஷ்வேமாவ்டா பகோடா படமாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

நான் கேட்டது மியோபத் யத்தா, நம்ம ரங்கூன் வட்ட ரயில். "கிளம்பின இடத்துக்கே திரும்பி வருவதற்கு எதுக்கு ஒரு ரூட்" என்று நாலு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். மூன்று மாதமாக நான் சொல்லிவரும் பதில் இதுதான்.

ரயில் சிமுலேட்டரில் காட்சி பார்ப்பது ஒரு சுகம், வண்டியை நிறுத்துவது இன்னொரு சுகம். கோட்டெய்க்கில் முதல் சுகம் ஏராளம், ஆனால் பத்து முறை பாலத்தைத் தாண்டிவிட்டால் பதினோராவது முறை கை வேறு ரூட்டைத் தேடும். வட்ட ரயில் 45.9 கிலோமீட்டர், நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறைவான நிலையங்கள், அதாவது ஏறக்குறைய 1.2 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். பாதையைப் புதுப்பிப்பதற்கு முன்பு ஒரு சுற்றுக்கு மூன்று மணிநேரம் ஆகும். வேகம் பிடிப்பதற்குள் அடுத்த பிளாட்பாரம் வந்துவிடும். ஒரே பிடியாகப் பிரேக் பிடித்தால் உள்ளே நிற்கிற அத்தனை பேரும் முன்னால் சாய்வார்கள். முதலில் பிடித்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, நிற்கப் போகிற நொடியில் முழுதாக விட்டால்தான் காய்கறிக் கூடை உருளாமல் வண்டி நிற்கும். இதை ஒரே ஓட்டத்தில் நாற்பது முறை சரியாகச் செய்கிறவனைத்தான் நான் ஓட்டுநர் என்பேன். எங்கள் தாத்தா மாலகோன் யார்டில் பாயிண்ட்ஸ்மேன், வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிறவர், அவர் யாரையாவது மெச்சினால் "வண்டிய நிறுத்தத் தெரிஞ்சவன்" என்றுதான் மெச்சுவார்.

பழமையைச் சொன்னாலும் நாம் குறைந்தவர்கள் கிடையாது. கெமென்டைன், இன்செய்ன் வழியாகப் போகிற நம்ம மேற்குப் பக்கப் பாதை 1877இல் ரங்கூனிலிருந்து ப்ரோமுக்கு ஓடிய பர்மாவின் முதல் ரயில் போன பாதை. கோட்டெய்க் பாலம் வருவதற்கு இருபத்து மூன்று வருடம் முன்னால். இதைச் சொன்ன அன்று மேமியோ மச்சான் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினார்.

மலைப் பாதை போடுவது கஷ்டம், ஊருக்குள் போடுவது சுலபம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், அது தப்பு. நிலத்தின் மேடுபள்ளத்துக்கு நாங்கள் எடுப்பது 2000ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்த இலவசத் தகவல், முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி. கோட்டெய்க் பள்ளத்தாக்கு அதில் அழகாக விழும். ரங்கூனில் அந்த ரேடார் தரையைப் பார்க்கவில்லை, மரத்தின் தலையையும் வீட்டுக் கூரையையும் பார்த்திருக்கிறது. அதனால் தட்டையான கமாயுட் முழுவதும் கட்டி கட்டியாக வீங்கிக் கிடக்கிறது. ரங்கூன் தம்பி ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒவ்வொரு வீக்கமாக அமுக்கிக்கொண்டிருக்கிறான். மலையை வரைந்துவிடலாம், சமதளத்தைக் கொண்டுவரத்தான் பொறுமை வேண்டும்.

வண்டி விஷயத்தில் நமக்கு ஒரு யோகம் இருக்கிறது. இந்தப் பாதையில் ஓடிய டீசல் கார்களில் பல ஜப்பானில் ஓடி ஓய்ந்தவை, கிஹா வகை, ஜப்பானிய எழுத்துகூட அழியாமல் நம்ம தண்டவாளத்துக்கு வந்தவை. அங்கே தண்டவாள அகலம் 1067 மில்லிமீட்டர், நமக்கு 1000. சக்கரத்தை உள்ளே தள்ளி ஓட்டினார்கள். சிமுலேட்டரிலும் அதே வேலைதான் நமக்கும், ஏற்கெனவே யாரோ செய்த கிஹா மாதிரியை அனுமதி கேட்டு வாங்கிச் சக்கரத்தை நெருக்க வேண்டும். தண்டவாளம்தான் தலைவலி, பழைய துண்டுகள் எல்லாம் 1435 அகலத்துக்கு வரைந்தவை. மீட்டர் கேஜுக்குத் தனியாக வரைந்தது இல்லாமல் போட்டால் நம்ம ஊர் கண்ணுக்கு உடனே உறுத்தும், என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியாது. "ஓட்டும்போது யாருப்பா குனிஞ்சு தண்டவாளத்த அளக்கப் போறான்" என்று பெகுக்காரர் கேட்டார். நான் அளப்பேன்.

அப்புறம் தானிங்கோன். சந்தை ரயிலடியிலேயே இருக்கிற ஊர். கட்டுக் கட்டாகக் கீரையும் கூடை கூடையாகக் காயும் ஜன்னல் வழியாகவே உள்ளே வரும், இருக்கைக்கு நடுவில் தரை தெரியாது, முகத்தில் தனாக்கா மரப்பட்டை அரைத்துப் பூசிய அம்மாக்கள் அதன் மேலேயே உட்கார்ந்து கட்டைப் பிரித்துச் சின்னக் கட்டாகக் கட்டுவார்கள். மற்ற நிலையத்தில் நிற்கிற நேரம் அங்கே போதாது. சிமுலேட்டரில் ஒவ்வொரு பிளாட்பாரத்திலும் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கை போடலாம், அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வண்டி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அது கணக்குப் போடும். பெரும்பாலான ரூட்டில் எல்லா நிலையத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தானிங்கோனுக்கும் கோல்ஃப் கோர்ஸ் நிலையத்துக்கும் ஒரே எண் போட்டால் அது நம்ம ரயிலே கிடையாது. இந்த ஒன்றில் மட்டும் ஐந்து பேரும் சண்டையில்லாமல் சேர்ந்துகொண்டோம், மோல்மேன் அண்ணன்கூட.

தூக்கித் தூக்கிப் போடுகிற ஆட்டத்தை மட்டும் கொண்டுவர முடியவில்லை. சிமுலேட்டரின் தண்டவாளம் கண்ணாடிபோல இருக்கிறது. இத்தனை மீட்டர் ஓடினால் இந்த ஒலி என்று போட வழி இருப்பதால் தண்டவாள இணைப்பின் தடக் தடக்கை வைத்துச் சமாளித்திருக்கிறோம். கண்ணை மூடினால் இன்செய்ன் போகிற மாதிரியே இருக்கிறது என்று தம்பியின் அம்மா சொன்னார்.

போன வாரம்தான் வட்டத்தை மூடுகிற நாள். சென்ட்ரலில் ஆரம்பித்து மேற்கே போய், இன்செய்ன், மிங்கலாடோன், தாம்வே என்று சுற்றிப் பசுந்தாங் வழியாகத் திரும்பி வந்தால் இரண்டு முனையும் சேரவில்லை. மூன்றே கால் மீட்டர் இடைவெளி. ரூட் எடிட்டரில் துண்டுகள் குறித்த நீளத்திலும் குறித்த வளைவிலும்தான் வரும், ஒவ்வொன்றிலும் நூலளவு பிசகினால் போதும், சுற்றி வரும்போது எல்லாம் சேர்ந்து நிற்கும். நேர்ப் பாதையில் இது தெரியவே தெரியாது, வட்டத்தில் ஒளிக்க இடமில்லை. "அந்த மூன்று மீட்டருக்கு எங்க பாலத்த வெச்சு மூடுங்க" என்றார் மேமியோ மச்சான். கடைசியில் வளைத்து நீட்டக்கூடிய துண்டு ஒன்றை வைத்து மூடியது அவர்தான், விடியற்காலை இரண்டு மணிக்கு. அடுத்த ரூட் கோட்டெய்க் என்று அன்றைக்கே ஐந்து பேரும் வாக்குக் கொடுத்துவிட்டோம், மோல்மேன் அண்ணன் அதற்கடுத்த இடத்தை எழுதி வாங்கிக்கொண்டார்.

இப்போது உங்களிடம் கேட்பது. புதுப்பிப்பு வேலை நடந்து மாறுவதற்கு முன்பிருந்த வட்ட ரயில் நிலையங்களின் படம் வேண்டும், பெயர்ப் பலகை, கூரைத் தூண், டிக்கெட் ஜன்னல். கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போகும்போது பிளாட்பாரத்தில் நின்று எடுத்த குடும்பப் படமாக இருந்தாலும் சரி, பின்னால் பலகை தெரிந்தால் போதும், முகங்களை மறைத்துவிட்டுத்தான் பயன்படுத்துவோம். கெமென்டைனும் பாவ்டோவும் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. தானிங்கோன் சந்தைச் சத்தம் போனில் பதிவு செய்தது யாரிடமாவது இருந்தால் வெட்டாமல் அனுப்புங்கள், கோழி கத்துவதும் சேர்ந்தே இருக்கட்டும்.