பழைய ஓனர் இன்சூரன்ஸ் உனக்குப் போதாது, தம்பி
பெங்களூரு பசங்களிடம் வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது: டெல்லி நம்பரில் 1 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஆடி டிடி கார் மலிவாகக் கிடைத்தால் வாங்கிவிடு, பேர் மாற்ற வேண்டாம், பழைய ஓனரின் இன்சூரன்ஸே போதும் என்று. தவறு. வண்டி கைமாறும்போது கூடவே தானாக வருவது மூன்றாம் தரப்பு காப்பீடு மட்டும்தான், அதாவது உன்னால் அடிபட்டவருக்குக் கிடைக்கும் இழப்பீடு. உன் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் வர வேண்டுமென்றால் 14 நாளுக்குள் விண்ணப்பித்து பாலிசியை உன் பேருக்கு மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் ஓசூர் ரோட்டில் லேசாக முட்டினாலும் பம்பர், ஹெட்லைட் செலவு முழுக்க உன் தலையில். நோ க்ளைம் போனஸும், அதாவது க்ளைம் செய்யாமல் இருந்ததற்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியும், பழைய ஓனரோடு போய்விடும். அப்புறம், 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவுப்படி மறுபதிவு செய்ய வேண்டும், கர்நாடக வரியும் கட்ட வேண்டும். சின்ன வயதில் சேர்த்த காசு, கணக்குப் போட்டு வாங்கு.