கடற்கரையில் கிடைத்த லேப்ரடார்

'நாய்க்குட்டி விற்பதும் ஒரு பிழைப்புதானே' என்று நாய் விற்பனை பற்றிய உங்கள் கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். பிழைப்புதான். ஆனால் மத்திய அரசின் 2017 நாய் இனப்பெருக்க, விற்பனை விதிப்படி அதற்குப் பதிவு வேண்டும். 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, ஆயுளுக்கு 5 ஈத்துக்கு மேல் கூடாது, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவிலேயே ஒருத்தர் கண் திறக்காத குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து விற்றார். யார் கேட்டார்கள்?

எங்கள் வீட்டு லேப்ரடார் சில்வர் பீச்சில் சுண்டல் வண்டி ஓரமாகக் கிடந்தது. கழுத்தில் பழைய பெல்ட், அது இறுக்கிய தழும்பு, மடி தொங்கித் தரையைத் தொட்டது. குட்டி போட்டு ஓய்ந்ததும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குக் கருத்தடை செய்யக் கிளம்பியபோது மாமியார், "வயித்தைக் கீறறது பாவம்டி" என்றார். அதன் கழுத்திலிருந்து கழற்றிய அந்தப் பழைய பெல்ட்டை எடுத்துக் காட்டினேன். அப்புறம் ஆட்டோவில் அவரும் கூடவே வந்தார், மடியில் துண்டு விரித்துக்கொண்டு.