பிள்ளைக்குக் காய்ச்சல்

மூன்று நாளாக என் முகநூல் முழுக்கத் தூக்குக் கயிறுதான். எங்கேயோ ஒரு பிள்ளைக்குப் பாலியல் வன்கொடுமை நடந்துவிட்டது, உடனே எல்லாருக்கும் ரத்தம் கொதிக்கிறது, நடுச்சந்தியில் வைத்து வெட்டு, தூக்கில் போடு, அரபு நாட்டுச் சட்டம் கொண்டுவா. நானும் எழுதினவன்தான். 2015 மே மாதம் யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவு மாணவியை வன்புணர்ந்து கொன்றபோது வடக்கு முழுக்கக் கடையடைப்பு, நானும் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு ஏ9 வீதியில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். கத்தியது பிழை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அந்த வழக்கை மூன்று நீதிபதிகள் ட்ரயல் அட் பார் என்ற சிறப்பு அமர்வாக இருந்து விசாரித்து 2017 செப்டெம்பரில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். இரண்டு வருடம் நாலு மாதம். (இலங்கையில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கில் போட்டதில்லை, அது வேறு கதை.)

நான் சொல்ல வந்தது சனம் வீதிக்கு வராத ஒரு வழக்கைப் பற்றி.

வன்னியில் ஆட்டோ ஓடுகிறேன். ஒரு தாயையும் மகளையும் ஆறு வருடம் கோட்டுக்கு ஏற்றி இறக்கியிருக்கிறேன். முதல் தவணைக்கு ஏற்றியபோது பின்சீற்றில் இருந்த பிள்ளையின் கால் நிலத்தில் முட்டவில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. தீர்ப்பு வந்த வருடம் அது பதினோராம் வகுப்பு ஓ லெவல் சோதனை எழுதியது. அப்போது அதன் முழங்கால் என் சீற்றின் பின்பக்கத்தில் இடிக்கும்.

செய்தவன் பெரியப்பா முறை. தாயின் சொந்த அக்காவின் புருசன். மூன்று வீடு தள்ளி இருப்பவன். தகப்பன் இல்லாத வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்கித் தந்தவன், கூரைத் தகரம் மாற்றித் தந்தவன். தூக்கில் போடு என்று எழுதுகிற எல்லாரும் மனதுக்குள் ஒரு முகம் தெரியாத ஆளை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறோம், கஞ்சா அடித்துவிட்டுப் பத்தைக்குள் பதுங்கி நிற்கிற ஒருத்தனை. ஆனால் பெரும்பாலும் ஆள் வீட்டுக்குள்தான் இருக்கிறான், பிள்ளை அவனை முறை வைத்துக் கூப்பிடுகிறது. தூக்கு என்றால் எந்தத் தாய் தன் அக்காவின் தாலியை அறுக்கத் துணிந்து பொலிசுக்குப் போவாள், சொல்லுங்கள்.

இந்த அம்மா துணிந்தவர். ஆனால் உடனே அல்ல, ஒன்பது நாளுக்குப் பிறகு. ஏன் ஒன்பது நாள் என்றால், நடந்தது வைகாசியில், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் நேரம். விறாந்தையில் கதிரை போட்டு, பிளேன்ரீ கொடுத்து, தாய்மாமன்மாரும் ஊரில் நாலு பெரிய மனிசரும் கூடி இருந்து கதைத்தார்கள். பொங்கல் முடியட்டும், ஊர் முழுக்கக் கோயிலடியில் நிற்கிற நேரம் பொலிஸ் ஜீப் வந்தால் குடும்ப மானம் என்னாவது, பிள்ளையின் பெயரில் மூன்று லட்சம் வங்கியில் போடுகிறோம், கிணறும் கட்டித் தருகிறோம், பொம்பிளைப் பிள்ளை, நாளைக்கு ஒரு இடத்தில் கட்டிக் குடுக்க வேண்டாமா. பிள்ளை அந்த நேரம் குசினிக்குள் இருந்து சமயப் பாடக் கொப்பிக்கு உறை போட்டுக்கொண்டு இருந்ததாம். எல்லாம் அதற்குக் கேட்டிருக்கும், சுவர் பாதி உயரம்தானே.

அந்த அம்மா எனக்குப் பின்னாளில் சொன்னது: "அண்ணை, எல்லாரும் பொறு பொறு எண்டுதான் சொன்னவை. அம்மாள் மதுரையில பொறுத்துக்கொண்டே இருந்தவா?"

கடல் தண்ணீரில் விளக்கெரிகிற கோயில் அது. நாங்கள் எல்லாரும் வருசா வருசம் போய்க் கும்பிடுகிறோம்.

அந்த ஒன்பது நாள் பிறகு வழக்கில் எவ்வளவு இடைஞ்சல் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். உடம்பில் தடயம் தேட முதல் 72 மணித்தியாலம்தான் முக்கியம். சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும்போது பிள்ளை எத்தனையோ தரம் குளித்தாயிற்று, உடுப்பு தோய்த்தாயிற்று. "ஏன் உடனே முறைப்பாடு செய்யவில்லை, காணித் தகராறுக்குப் பொய் வழக்குத்தானே" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார். பொறுக்கச் சொன்ன பெரிய மனிசர் ஒருவரும் கூண்டில் ஏறி "நாங்கள்தான் பொறுக்கச் சொன்னோம்" என்று சொல்ல வரவில்லை. இதற்காக, நாள் கடந்துவிட்டது இனி என்ன என்று யாரும் விட்டுவிடவும் வேண்டாம். குற்ற வழக்குக்கு 20 வருடம் வரை நேரம் இருக்கிறது.

இப்படிக் கூடி இருந்து முடிக்கிறவர்களுக்கு இன்னொன்று. காணி எல்லை, கைமாற்றுக் கடன் மாதிரி இதைச் சமாதானமாக முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. மத்தியஸ்த சபையும் இதில் கை வைக்க முடியாது. காசு வாங்கிக் குற்றத்தை மூடுவது தனிக் குற்றம். "பிள்ளை விரும்பித்தான் போனது" என்ற கதைக்கும் இடமில்லை. 1995இல் சட்டம் திருத்தினார்கள், அதற்கு முதல் 12 ஆக இருந்த சம்மத வயதை 16 ஆக்கினார்கள். 16க்குக் கீழே என்றால் விருப்பம் என்ற பேச்சே கிடையாது. "அவனுக்கே கட்டி வைப்பம்" என்றால் பொதுச் சட்டத்தில் 18 ஆகாமல் கலியாணப் பதிவும் இல்லை. 15 வயதுப் பிள்ளையை அவனோடே அனுப்பிவிட்டு, 18 ஆனதும் பதிவு செய்து, குடும்பம் என்று பெயர் வைத்த வீடுகள் எனக்கு எத்தனையோ தெரியும். உங்களுக்கும் தெரியும்.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ஹயர் போகும்போது, கண்ணாடியில் பார்த்தபடி அந்த அம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "என்னத்துக்கு அக்கா தனிய விட்டனீங்கள்?" அவர் பதில் சொல்லவில்லை. பிள்ளைதான் சொன்னது: "அம்மா களை பிடுங்கப் போனவா." நாட்கூலி வேலை. போகாவிட்டால் அன்று அடுப்பு இல்லை. அதற்குப் பிறகு ஐந்தாறு மைல் நான் வாய் திறக்கவில்லை.

எல்லாருக்கும் முதலில் வருகிற கேள்வி இதுதான். ஏன் தனிய விட்டாய், ஏன் அங்கே போனாள், என்ன உடுத்தாள், ஏன் கத்தவில்லை. அவன் ஏன் செய்தான் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பிறகு நாங்கள் பாவிக்கிற சொல்லைப் பாருங்கள். பிள்ளை கெட்டுப்போச்சு. பழுதாப்போச்சு. சோறு கறிக்குச் சொல்கிற சொல். களவு போன வீட்டை வீடு கெட்டுப்போச்சு என்கிறோமா, இல்லை, கள்ளன் வந்தான் என்கிறோம். இங்கே மட்டும் வினை முழுக்கப் பிள்ளையின் தலையில், செய்தவன் வசனத்திலேயே இல்லை. பெடியன்களுக்கு நடந்தால் அந்தச் சொல்கூட இல்லை, "ஆம்பிளைப் பிள்ளைதானே, மறந்திடுவான்" என்று சிரித்துவிட்டுப் போகிறோம். பெடியனுக்குச் செய்தாலும் அது பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம், அதற்கும் சிறைதான்.

கோட்டுக் கதைக்கு வருகிறேன். பொலிசில் ஒரு தரம் சொன்னது. சிறுவர் பெண்கள் பிரிவில் இருந்த பெண் பொலிசுக்குத் தமிழ் தெரியாது, ஒரு ஆண் கான்ஸ்டபிள் நடுவில் நின்று மொழிபெயர்த்தார், பத்து வயதுப் பிள்ளை அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு சட்ட வைத்திய அதிகாரி, பிறகு மனநல மருத்துவர், பிறகு நன்னடத்தை அலுவலர். கோவை கொழும்புக்கு, சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், குற்றப்பத்திரம் மேல் நீதிமன்றத்துக்கு வர மூன்று வருடத்துக்கு மேல். அப்புறம் திரும்ப முதலில் இருந்து சொல்ல வேண்டும். பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து வழக்கில் பாவிக்க 1999ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது, இந்தப் பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை. ஒரு நாள் பின்சீற்றில் இருந்து கேட்டது: "மாமா, இண்டைக்கும் அதையேயோ சொல்லோணும்?"

தவணை நாளில் பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்வது? தாய் கடிதம் எழுதுவார், என் மகளுக்குக் காய்ச்சல், ஆகையால் விடுமுறை தரவும். ஆறு வருடத்தில் முப்பதுக்கு மேல் காய்ச்சல். சில நாள் போய் இறங்கினால் நீதிபதி லீவு, அல்லது சட்டத்தரணிக்கு வேறு கோட்டில் வழக்கு, இன்னொரு தவணை, திரும்ப ஏற்றிக்கொண்டு வருவேன். சும்மா போன நாளிலும் காய்ச்சல்தான். வகுப்பில் பிள்ளைகள் இவளுக்கு வருத்தக்காரி என்று பட்டம் வைத்துவிட்டார்களாம்.

அவன் பிணையில் வந்தான். பாதுகாப்புக்குப் பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விடலாம் என்றார்கள், அக்கறையோடுதான் சொன்னார்கள், நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், செய்தவன் தன் வீட்டில் தன் பாயில் படுக்கிறான், பிள்ளை பெட்டி கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போக வேண்டும். தாய் மறுத்துவிட்டு, வீட்டைப் பூட்டி, தங்கச்சி வீட்டுக்குப் பின்னால் பத்தி இறக்கிக் குடியேறினார். அடுத்த வருடத் திருவிழா நோட்டீசில் உபயகாரர் பட்டியலில் அவனுடைய பெயர் இருந்தது. அந்த நோட்டீசை அச்சகத்தில் இருந்து ஏற்றிக்கொண்டு வந்ததும் என் ஆட்டோதான், அதை எப்படி வாசிக்காமல் விடுவது.

தீர்ப்பு வந்தது, குற்றவாளி என்று. பிள்ளை 18க்குக் கீழே என்றால் வன்புணர்வுக்குச் சட்டத்தில் 10 தொடக்கம் 20 வருடம் வரை. ஆனால் குறைந்தபட்சத்துக்குக் கீழேயும் நீதிபதி இறங்கலாம் என்று 2008இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டு, கடன் இருக்கிறது, கலியாணம் கட்டாத மகள் இருக்கிறாள், முதல் குற்றம் என்று சட்டத்தரணி அரை மணித்தியாலம் கேட்டார். நீதிபதி இறங்கவில்லை. இப்போது மேன்முறையீட்டில் நிற்கிறது.

அன்று பின்னேரம் சந்தியில் ஆட்டோவை விட்டுவிட்டு ரீ குடிக்கிறேன், ஒருத்தர் அவனுடைய பெண்சாதியைப் பற்றிச் சொல்கிறார்: "பாவம் அந்த அக்கா. சின்னப் பெட்டை ஒண்டு ஒரு குடும்பத்தையே அழிச்சுப் போட்டுது." இதே ஆள் இந்த மூன்று நாளாகத் தூக்கில் போடு என்று பதிவு போட்டுக்கொண்டு இருக்கிறார். நேற்று என் பக்கத்தில் வந்து இதயம் வேறு குத்தியிருக்கிறார்.

ஏதும் தெரிந்தால் சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு அடியுங்கள், இருபத்துநாலு மணித்தியாலமும் எடுப்பார்கள், தமிழிலும் கதைக்கலாம்.

இனி கீழே வந்து எந்த ஊர், யாருடைய பிள்ளை, படம் இருக்கிறதா என்று கேட்கப்போகிறவர்களுக்கு. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். இதில் ஆண்டு, வயது, முறை, மாதம் எல்லாவற்றிலும் எதை மாற்றினேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இன்பொக்ஸில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். கேட்கிற ஆளை அன்பிரண்ட் பண்ணுவேன், சொந்தக்காரன் என்றாலும்.